லம்பாடிப் பாட்டியின் பாவாடை குர்தி ஆன கதை: ஈ.சி.ஆர். வழியே ஒரு தையல் பயணம்

மாமல்லபுரம் போகிறவர்கள் அர்ஜுனன் தபசு, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் பார்க்காமல் திரும்புவதில்லை. வெயில் தாழ்ந்ததும் ஒத்தவாடைத் தெருப் பக்கம் நடந்தால், அடுத்துக் கண்ணில் படுபவை கடை வாசல்களில் தொங்கும் கண்ணாடி வேலைப் பைகளும் பாவாடைகளும்தான். கடல் காற்றில் அவை ஆடும்போது குட்டிக் குட்டிக் கண்ணாடிகள் எதிர்ச் சுவரில் வெளிச்சப் புள்ளிகளை ஓடவிடும். வெளிநாட்டுப் பயணிகள் தொட்டுப் பார்ப்பார்கள். நம் கல்லூரிப் பெண்கள் ‘கல்ச்சுரல்ஸுக்கு ஆகும்’ என்று விலை கேட்பார்கள்.

இவற்றில் பெரும்பாலானவை குஜராத், ராஜஸ்தான் பக்கத்துச் சரக்கு. கைத்தையலும் உண்டு, மெஷின் தையலும் உண்டு. ஆனால் இதே கண்ணாடி, இதே சோழி, இதே அடர் சிவப்போடு தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு தையல் மரபு இருப்பது பலருக்கும் தெரியாது.

அது லம்பாடிப் பெண்களுடைய தையல். பேட்டியா என்ற அகலமான பாவாடை, காஞ்சளி என்ற முதுகு திறந்த ரவிக்கை, தலையை மூடும் நீண்ட துணி. மூன்றிலும் இடைவெளி விடாமல் நூல் வேலை, கண்ணாடி, சோழி, நாணயம், குஞ்சம். காளைகளின் முதுகில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராகப் போன வணிகச் சமூகம் இது. முகலாயப் படைகளுக்குத் தானியம் கொண்டுபோனவர்கள் இவர்கள்தான். சொந்தமாக வீடு வாசல் இல்லாத வாழ்க்கையில், சொத்தும் அடையாளமும் உடம்பில் போட்டிருக்கும் துணிதான்.

ரயில் வந்தது, காளை வணிகம் படுத்தது. 1871-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் நாட்டின் பல பகுதிகளில் இந்த மக்களையும் சந்தேகக் கண்ணோடு பார்க்க வைத்தது. தூரத்திலிருந்தே ‘இவள் லம்பாடி’ என்று காட்டிக்கொடுக்கும் உடையை, கூலி வேலைக்குப் போகும் பெண் எத்தனை நாள் உடுத்துவாள்? புடவைக்கு மாறினார்கள். ஊசி பெட்டிக்குள் போனது.

சித்தேரி மலையடிவாரத்தில்

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம், திருவண்ணாமலை என்று மேற்கே போய், அரூர் பக்கம் திரும்பினால் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் பழங்குடி மக்களுக்காக மருத்துவமனை தொடங்கிய ஊர் என்று இதைப் பலர் அறிந்திருப்பார்கள். அங்குள்ள லம்பாடித் தாண்டாக்களில் இந்தத் தையல் ஏறக்குறைய நின்றே போயிருந்தது. கைப்பழக்கம் மறக்காத முதியவர்கள் சிலர் மட்டும் மிச்சம். அவர்களிடமிருந்து இளைய பெண்கள் கற்றுக்கொள்ள, 2006-இல் டாக்டர் லலிதாவின் முயற்சியில் உருவானது ‘போர்கை’ என்ற கைவினைஞர் அமைப்பு. லம்பாடி மொழியில் போர்கை என்றால் பெருமை. பெயரிலேயே பாதிக் கதை இருக்கிறது.

பழைய பேட்டியாவை அப்படியே தைத்து விற்றிருந்தால் அருங்காட்சியகத்தைத் தவிர யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். அத்தனை கனம், நாணயமும் சோழியும் தைத்த துணியை வாஷிங் மெஷினில் போடவும் முடியாது. அதனால் துணியை மாற்றினார்கள், தையலை மாற்றவில்லை. பருத்திக் குர்தியின் கழுத்தோரம், கையின் விளிம்பு, புடவை முந்தானை, பை, மெத்தை உறை என்று நூல் வேலை இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. முழுப் பாவாடையை நிறைத்திருந்தது ஒரு கையகலப் பட்டையானதில் இழப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பட்டையும் இல்லாமல் போயிருக்கும் என்பதுதான் இதற்கு ஒரே பதில்.

கர்நாடகத்தின் சண்டூரில் இதே சமூகத்தின் தையல் 2010-இல் புவிசார் குறியீடு பெற்றது. 2023-இல் ஹம்பியில் ஜி-20 கூட்டம் நடந்தபோது 1,755 லம்பாணித் தையல் பொருள்களை ஒரே இடத்தில் வைத்துக் கின்னஸ் சாதனையும் படைத்தார்கள்.

முட்டுக்காட்டில் ஒரு இல்கல் வீடு

சென்னையிலிருந்து வருபவர்கள் மாமல்லபுரத்துக்கு முன்பே முட்டுக்காட்டில் இறங்கிக்கொள்ளலாம். 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பெயர்த்தெடுத்து வந்து மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டில் செல்ஃபி எடுத்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். கர்நாடகப் பகுதியில் உள்ள இல்கல் நெசவாளர் வீட்டையும் பாருங்கள். இல்கல் புடவைமேல் வட கர்நாடகப் பெண்கள் போடும் தையல்தான் கசூதி. துணியின் இழைகளை எண்ணி எண்ணி, கோபுரம், தேர், யானை, துளசி மாடம் என்று கொண்டுவருவார்கள். முடிச்சே கிடையாது. இன்றைக்கு அதே கோபுரம் குர்தியிலும் துப்பட்டாவிலும் வருகிறது. நீலகிரித் தோடர்களின் சிவப்பு-கறுப்புத் தையலும் இழை எண்ணும் வகைதான். அதற்குப் புவிசார் குறியீடு 2013-இல் கிடைத்தது. (தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. குழந்தைகளோடு போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டாம்.)

மெக்சிகோவிலும் இதே கதை

மெக்சிகோவின் தெற்கே வாஹாகா மாநிலத்தில் சப்போடெக் என்ற பழங்குடியினர் இருக்கிறார்கள். ஓவியர் ஃப்ரீடா காலோ படங்களில் பெரிய பெரிய பூக்கள் போட்ட குட்டைச் சட்டையும் நீளப் பாவாடையுமாக நிற்பாரே, அது இந்தப் பெண்களின் உடைதான். வீப்பில் என்ற அந்தச் சட்டையின் பூக்களில் ஒரு வகையை, சட்டத்தில் விறைப்பாகக் கட்டிய துணியில் கொக்கி ஊசியால் போடுகிறார்கள். கேட்டதும் செங்கல்பட்டுப் பெண்களுக்குச் சிரிப்பு வரும். கல்யாண பிளவுஸுக்குத் தெருவுக்குத் தெரு நடக்கும் ஆரி வேலைக்கும் சட்டமும் கொக்கி ஊசியும்தானே!

ஒரு வித்தியாசம் உண்டு. சப்போடெக் பெண்கள் விழா என்றால் இன்றும் அதையே உடுத்துகிறார்கள். ஜீன்ஸுக்கு மேலேயும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார்கள். இங்கே லம்பாடித் தையலைப் போட்டுக்கொள்பவர் நகரத்துப் பெண். தைப்பவரோ புடவையில் இருக்கிறார்.

நகல் தொல்லை மட்டும் இரு நாட்டுக்கும் பொது. அதே வாஹாகாவில் மிஹே பழங்குடியினரின் தைத்த சட்டையைப் பிரெஞ்சு டிசைனர் இசபெல் மராந்த் நகலெடுத்துவிட்டார் என்று 2015-இல் பெரிய சர்ச்சை எழுந்தது. பழங்குடிகளின் கலைச்சொத்தைக் காக்க மெக்சிகோ 2022-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. நம் ஊரில் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால், தோடர் தையலைப் போலவே பிரின்ட் போட்ட துணியை ஆன்லைனில் வாங்குகிறவர் அந்தக் குறியீட்டைத் தேடிப் பார்ப்பதில்லை.

அதனால் அடுத்த முறை கடையில் விலை பேசுவதற்கு முன் துணியைத் திருப்பிப் பாருங்கள். மெஷின் தையலில் பின்பக்கம் ஒரே சீராக வேறொரு நூல் ஓடும். கைத்தையலில் அளவு அங்கங்கே முன்னே பின்னே இருக்கும். கண்ணாடியைச் சுற்றிப் பாருங்கள்: ஊசியால் பின்னிய நூல் வளையமா, ரெடிமேடாக ஒட்டியதா என்பது தெரிந்துவிடும். கைவேலை என்றால் ஒரு கழுத்துப் பட்டைக்குப் பின்னால் ஒரு பெண்ணின் பல நாள் உழைப்பு இருக்கிறது. அங்கே ‘பாதி விலைக்குக் கொடுங்க’ என்று கேட்க வாய் வராது.

நேரம் இருந்தால் இன்னும் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினம் வரை போய்வரலாம். அங்கிருந்துதான் டச்சுக்காரர்கள் இந்தப் பகுதியில் நெய்த மெல்லிய மஸ்லினைக் கப்பலேற்றினார்கள். செங்கல் கோட்டை பாதி இடிந்து கடலைப் பார்த்தபடி நிற்கிறது. உள்ளே டச்சுக்காரர்களின் கல்லறைகள். மேலே மூடியிருக்கும் பலகைக் கற்களில் நுணுக்கமான செதுக்கு வேலை. மாலையில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள்.