மாட்டுங்காவின் மழைக்காலக் குட்டிகள்

மும்பை மாநகரில் தமிழர் பேட்டை எது என்று வினவினால், மாட்டுங்கா என்றே எவரும் விடை கூறுவர். மத்திய ரயில்வேயின் மாட்டுங்கா நிலையத்தை விட்டுக் கீழ்த்திசையில் வெளிப்பட்டதும், மல்லிகைச் சரத்தின் மணமும் புதிதாய் அரைத்த காப்பிப் பொடியின் மணமும் ஒருங்கே வந்து நம்மை எதிர்கொள்கின்றன. வாழையிலைக் கட்டும், முருங்கைக்காயும், சேப்பங்கிழங்கும் கடைதோறும் குவிந்து கிடக்கின்றன. கொச்சு குருவாயூர் என்று அன்புடன் வழங்கப்பெறும் ஆஸ்திக சமாஜக் கோயிலின் மணியோசை அந்தச் சந்தடியினூடே மிதந்து வருகிறது. ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊரையே கொண்டுவந்து தந்த இடம் இது.

இப்பேட்டைக்கு மனிதரையன்றி வேறொரு குடியும் உண்டு. மாடிப்படியின் அடியிலும், மின்சார மீட்டர் அறையிலும், காலியான காய்கறிக் கூடைகளின் பின்னும் வாழும் பூனைகளே அவை. ஜூன் மாதம் பிறந்து பருவமழை கொட்டத் தொடங்கியதும், இவற்றின் குட்டிகள் படும் பாடு சொல்லி முடியாது. கிங்ஸ் சர்க்கிளில் வெள்ளம் தேங்கும் நாள்களில், நனைந்த துணிச்சுருள் போல் ஒடுங்கிக் கிடக்கும் குட்டிகளைப் பள்ளிப் பிள்ளைகள் சட்டைப் பைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்து வருகிறார்கள். வீட்டிலுள்ளோரும் இரங்கி ஏற்கிறார்கள். ஆயினும், அவ்வாறு எடுத்த குட்டிகளுள் பல மூன்றாம் நாளைக் காண்பதில்லை. கருணையில் குறைவில்லை; அக்கருணை செல்ல வேண்டிய வரிசைதான் மாறிப் போகிறது. அவ்வரிசையைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாட்டுங்காவே நோயின் காரணமாகப் பிறந்த ஊர் என்பதை இங்கு நினைவுகூர்வது தகும். 1896ஆம் ஆண்டில் பம்பாயைப் பிளேக் நோய் பற்றியது. மாண்ட்வியின் நெருக்கமான சந்துகளில் தோன்றிய அந்நோய் நகரையே கலைத்துவிட்டது. அதன் விளைவாக 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பெற்றது. காற்றும் வெளிச்சமும் தாராளமாக நுழையும் அகன்ற வீதிகளைக் கொண்ட புதுக் குடியிருப்புகளைத் தாதர், மாட்டுங்கா பகுதிகளில் வகுத்தவர்கள் அவர்களே. இன்று ஃபைவ் கார்டன்ஸில் மாலை வேளையில் உலாவும் நாம், அந்த மரநிழல் கொள்ளைநோய் புகட்டிய பாடத்தின் பயன் என்பதை எண்ணுவதில்லை. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைவெளி விட வேண்டும் என்பதே அப்பாடம். குட்டியை வீட்டுக்குக் கொணர்வோருக்கும் பின்னர் அதே பாடம் உதவும்.

முதற்கண் ஒன்று: தனித்துக் கிடக்கும் குட்டியெல்லாம் அநாதை அன்று. பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும் என்று நம் பாட்டிமார் கூறுவது வெறும் கதையன்று. தாய் ஒவ்வொரு குட்டியாகக் கவ்விச் செல்லும் வேளையில் மற்றவை தனித்தே இருக்கும். குட்டிகள் உடல் சூடாகவும், தூய்மையாகவும், வயிறு நிறைந்து உறங்கியும் இருப்பின், சற்றுத் தொலைவில் மறைந்து சில மணி நேரம் காத்திருத்தலே முறை. நனைந்தும், குளிர்ந்தும், ஓயாது கத்தியும் கிடப்பின் காத்திருத்தல் தகாது. உடனே எடுத்தல் வேண்டும்.

வைணவப் பெரியோர் மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இரண்டு கூறுவர். குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டியையோ தாயே கவ்வி எடுத்துக் காக்கிறது. குட்டியின்பால் எந்த முயற்சியும் இல்லை. இவ்வுவமையில் உடற்கூற்று உண்மையும் அடங்கியிருக்கிறது. கண் திறவாத குட்டிக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் கிடையாது. ஏறத்தாழ மூன்று வாரம் வரையில் மலசலம் கழிப்பதும் தாய் நக்கித் தூண்டினாலன்றி நிகழாது. அதைக் கையில் எடுத்த கணமே அத்தாயின் கடமை முழுவதும் நம்மைச் சேர்ந்துவிடுகிறது.

நம் இல்லங்களின் வழக்கமோ வேறு. வெளியிலிருந்து வந்தவர் கால் கழுவ வேண்டும், குளிக்க வேண்டும், பிறகே இலை முன் அமர வேண்டும். சேறும் தெள்ளுப்பூச்சியுமாக வந்த குட்டியையும் அவ்வாறே குழாயடியில் குளிப்பாட்டி, ஒரு கிண்ணம் பசும்பாலை முன்னே வைத்து, விசிறியின் கீழ்ப் படுக்க விடுகிறோம். மனிதருக்கு உகந்த இவ்வொழுங்கே குட்டிக்கு எமனாகிறது. குட்டிக்கு உரிய வரிசை தலைகீழானது: முதலில் சூடு, அடுத்து உணவு, கடைசியில் குளியல்.

மும்பையில் குளிர் ஏது என்று சிலர் நகைக்கலாம். பிறந்த வாரத்துக் குட்டிக்கு அதன் படுக்கை 29 முதல் 32 பாகை செல்சியஸ் வரை இருத்தல் வேண்டும். நனைந்த ரோமத்தோடு மின்விசிறிக் காற்றில் கிடந்தால், நமக்குப் புழுக்கமான அறையே அதற்குப் பனிமலையாகும். ஆகவே முதலில் ஈரத்தை ஒற்றித் துடைத்து, பழைய துணியில் சுற்றி, நம் மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். வெந்நீர் நிரப்பிய புட்டியைத் தடித்த துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தல் நலம். சூடு மிகுந்தால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். சுண்டுவிரல் நுனியை வாயினுள் வைத்துப் பார்க்கையில் உட்புறம் குளிர்ந்திருந்தால் ஒரு சொட்டு உணவும் புகட்டலாகாது. குளிர்ந்த குடலில் செரிமானம் நடைபெறாது. விழுங்க வலுவின்றிப் பால் நுரையீரலுக்குள் சென்றுவிடவும் கூடும்.

சூடேறிய பின் உணவு. பசும்பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பூனைக்குக் குறைவு. அதனால் வயிற்றுப்போக்கு உண்டாகும். பிறக்கும்போது ஏறத்தாழ 100 கிராமே எடையுள்ள உடலிலிருந்து நீர் வற்றுவதற்கு ஒரு பகலே போதுமானது. பூனைக்குட்டிக்கென்றே செய்யப்பெற்ற பால்மாவு செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. அதை வெதுவெதுப்பாகக் கரைத்து, குட்டியைத் தாயிடம் பால் குடிக்கும் பாங்கில் வயிறு கீழே இருக்கும்படி வைத்துச் சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும். கைக்குழந்தையைப் போல் மல்லாத்தி ஊட்டலாகாது. முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கொரு முறை, இரவிலும் ஊட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் தடவி மலசலம் கழிக்கச் செய்ய வேண்டும். சமையலறைத் தராசில் நாள்தோறும் நிறுத்துக் குறித்து வருதல் மிகவும் பயனுடையது. நாளொன்றுக்குப் பத்துக் கிராம் அளவேனும் கூடி வர வேண்டும். ஒரு நாள் எடை குறைந்தாலே மருத்துவரிடம் செல்லும் வேளை வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மருத்துவரை நாடி மாட்டுங்காவிலிருந்து செல்வோருக்கு வழி எளிது. ரயிலிலாயின் அடுத்த நிலையம் தாதர்; அதற்கடுத்தது பரேல். சாலை வழியிலாயின் டாக்டர் அம்பேத்கர் சாலையில் தெற்கு நோக்கிச் சென்று, தாதரின் கோதாதாத் சர்க்கிளையும், மழையில் குளமாகும் ஹிந்த்மாதாவையும் கடக்க வேண்டும். பரேல் ஒரு மருத்துவ நகரம் என்றே கூறலாம். 1926இல் தோன்றிய கே.இ.எம். மருத்துவமனை ஒருபுறம், அதன் அண்மையில் டாட்டா நினைவு மருத்துவமனை. பிளேக் தடுப்பூசியைக் கண்டு 1897 ஜனவரியில் தம் உடலிலேயே முதலில் குத்திக்கொண்ட வால்டெமர் ஹாஃப்கினின் ஆய்வுக்கூடம், 1899 முதல் இங்குள்ள பழைய கவர்னர் மாளிகையில் இயங்கலாயிற்று. அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. அதே வட்டாரத்தில்தான், தின்ஷா மானெக்ஜி பெட்டிட்டின் கொடையால் 1880களில் அவருடைய துணைவியார் பெயரில் எழுந்த பாய் சகர்பாய் விலங்கு மருத்துவமனையும், 1886இல் தொடங்கிய பம்பாய்க் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ளன. மனிதனின் நோயும் விலங்கின் நோயும் அடுத்தடுத்த வாசல்களில் ஆராயப்படும் இக்காட்சி நம் சிந்தனைக்குரியது.

அங்குச் செல்லுமுன் குட்டியின் உடலை நாமே ஒருமுறை உற்று நோக்குதல் நலம். ஈறு இளஞ்சிவப்பாக இராமல் வெளுத்திருப்பின் தெள்ளுப்பூச்சி இரத்தத்தை உறிஞ்சியிருக்கிறது என்று ஐயுறலாம். சிறு குட்டியை இப்பூச்சிகளே கொன்றுவிடும். ரோமத்திடையே மிளகுப் பொடி போன்ற துகள் கண்டால், அதை ஈரப் பஞ்சில் வைத்துப் பார்க்க வேண்டும். செந்நிறம் கசிந்தால் அது பூச்சியின் கழிவு. நெருங்கிய பல்லுடைய சீப்பால் வாரி எடுத்து, சோப்பு நீரில் பூச்சிகளைப் போடுவதே பாதுகாப்பான வழி. கட்டாயம் கழுவித்தான் ஆக வேண்டுமெனில், குட்டி சூடாகவும் துடிப்பாகவும் இருக்கும்போது, வெதுவெதுப்பான நீரில் விரைவாகக் கழுவி உடனே உலர்த்த வேண்டும். நாய்க்கென விற்கும் பெர்மெத்ரின் மருந்து பூனைக்குக் கொடிய நஞ்சு. மண்ணெண்ணெய், கற்பூரம், நாப்தலீன் உருண்டை ஆகியவையும் அவ்வாறே. பூனையின் கல்லீரல் பல பொருள்களை முறிக்க வல்லதன்று; ஆதலால் கறுப்புப் பினாயிலால் அறையைக் கழுவுவதும், மனிதர் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டைக் கொடுப்பதும் உயிருக்கே உலை வைக்கும்.

காதினுள் வடிகட்டியில் எஞ்சிய காப்பிச் சக்கை போன்ற கருமண்டி இருந்தால் அது காதுச் சிற்றுண்ணியின் அடையாளம். பீளை ஒட்டிக் கண் மூடியிருந்தால், வெந்நீரில் கொதிக்க வைத்து ஆறிய பஞ்சால் மூக்கருகிலிருந்து வெளிப்புறமாகத் துடைக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு இட்ட பஞ்சை மறு கண்ணுக்கு இடலாகாது. இது பெரும்பாலும் சளி நோய்க் கிருமியால் வருவது; தாமதித்தால் பார்வையே போய்விடும். உடல் மெலிந்து வயிறு மட்டும் பானை போல் உப்பியிருந்தால் உருளைப்புழு உண்டு. இப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வருவதால், தெருக்குட்டிகளில் இது இல்லாதது அரிது. இரண்டு மூன்று வார வயது முதலே, எடைக்கேற்ற அளவில், மருத்துவர் சொற்படி பூச்சி மருந்து கொடுக்கத் தொடங்கலாம்.

இனி, மாட்டுங்கா பிறந்த கதையின் பாடத்திற்கு வருவோம். புதிய குட்டியை, வீட்டில் முன்பே உள்ள பூனையிடமிருந்து இரு வாரமேனும் பிரித்து வைத்தல் இன்றியமையாதது. பான்லுகோபீனியா என்னும் கொடுநோய் உடலின் வெள்ளணுக்களை அழித்து, வாந்தியும் பேதியுமாகச் சில நாளில் குட்டியைக் கொன்றுவிடும். இது மனிதருக்குத் தொற்றாது. ஆனால் அதன் கிருமி தரையிலும் கூடையிலும் ஓராண்டு வரை உயிர்த்திருக்க வல்லது. நம் செருப்பிலும் சேலைத் தலைப்பிலும் ஏறி அடுத்த வீடு செல்லும். சாதாரண சோப்பு இதனைக் கொல்லாது. வழவழப்பான தரையை முதலில் கழுவி, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு முப்பத்திரண்டு பங்கு நீர் சேர்த்துத் துடைத்து, நன்கு உலர்ந்த பிறகே குட்டியை விட வேண்டும். ஒற்றை அறைக் குடித்தனத்தில் தனியறைக்கு எங்கே போவது என்று கேட்கலாம். குளியலறையின் உலர்ந்த மூலையும் ஓர் அட்டைப் பெட்டியும் போதும். பழைய பூனைக்கு உணவளித்த பின்னரே புதிய குட்டியைத் தொடுவது, தனித் தட்டு, தனித் துணி, தொட்ட பின் கை கழுவல் ஆகிய கட்டுப்பாடே சுவராக நிற்கும்.

நமக்குத் தொற்றுவனவும் சில உள. குட்டியின் மேல் வட்டமாக ரோமம் உதிர்ந்திருந்தால் அது படர்தாமரை. பிள்ளைகள் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சுவதை அதுகாறும் நிறுத்த வேண்டும். மலத்தட்டை நாள்தோறும் தூய்மை செய்ய வேண்டும். கருவுற்ற பெண்டிர் அப்பணியை மற்றவரிடம் விடுதல் நன்று. குட்டிதானே என்று அதன் கடியையும் கீறலையும் இலேசாக எண்ணலாகாது. ரேபிஸ் உள்ள நாடு நம் நாடு. ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைக் காண வேண்டும். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தடுப்பூசிகளைத் தொடங்கி, மூன்று மாத அளவில் ரேபிஸ் ஊசியும் போடுவது முறை.

இத்தனையும் செய்து ஒரு குட்டியைக் கரையேற்றியவர், அத்துடன் கடமை முடிந்தது என்று எண்ணிவிடலாகாது. பெண்பூனை நான்கு ஐந்து மாத வயதிலேயே கருவுறக்கூடும். ஓராண்டில் இருமுறை மும்முறை ஈனவும் கூடும். உரிய வயதில் கருத்தடைச் சிகிச்சை செய்வித்தால்தான் அடுத்த மழையில் மீட்டர் அறையில் ஒடுங்கும் குட்டிகளின் எண்ணிக்கை குறையும். பம்பாயாயினும், தில்லியாயினும், கல்கத்தாவாயினும், நாம் குடியேறிய நகரங்களில் மாடிப்படியின் அடியில் வாழும் இச்சிற்றுயிர்களும் நம் அயலாரே. இம்மழைக்காலத்தில் ஒரு குட்டியைக் கையில் எடுப்பவர், குழாயைத் திறவாமல் முதலில் துண்டை எடுக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். நூறு கிராம் எடையுள்ள ஓர் உயிர் அன்றிரவைக் கடந்துவிடும்.