என்டர் தட்டினால் அடுத்த கட்டம்

மில் குடோனின் சரக்குப் பட்டியலில் ‘கோன்’ என்று தேடினால் பாதி சரக்குதான் வருகிறது. பட்டியலை உருட்டினால் மீதியும் திரையில் கண்ணெதிரே நிற்கிறது, அதே ‘கோன்’ என்ற எழுத்துகளோடு. குடோன் ஆட்களுக்காகப் பொருள் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறோம். அதில் வந்த வினை இது. யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ‘ோ’ என்ற ஒரே குறி சேரலாம், அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக அடுத்தடுத்துச் சேரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. யூனிகோடு தரமே இரண்டும் ஒன்றென்றுதான் சொல்கிறது, ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் முறையையும் வகுத்திருக்கிறது. நிரலில் ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரி இல்லாமல்தான் வாங்கிய மென்பொருள் வந்து இறங்கியிருக்கிறது. தமிழுக்கு யூனிகோடில் இடம் கிடைத்தது 1991-ல். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒரு குடோன் ஆள் தன் கண்ணையே சந்தேகித்துக்கொண்டு பட்டியலை மேலும் கீழும் உருட்ட வேண்டியிருக்கிறது. அவர் படித்த தமிழில் எந்தக் குறையும் இல்லை.

‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ அடித்துவைப்பது வேறு கதை. அது அடிப்பவர் கைவேலை, அதற்கு நிரலைக் குறை சொல்ல மாட்டேன்.

*

அத்தை தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவர். குலதெய்வக் கோயில் கும்பாபிஷேக மலருக்குக் கோயில் வரலாற்றை எழுதித் தரச் சொல்லிப் பங்காளிகள் கேட்டார்கள். என் பழைய லேப்டாப்பில் டைப்ரைட்டர் விசைமுறையைப் போட்டுக் கொடுத்தேன். இடக்கையின் நான்கு விரல்களை ய, ள, ன, க மேல் வைத்தார். குனிந்து பார்க்கவில்லை. தமிழ் எழுத்து எதுவும் அச்சிடாத ஆங்கிலக் கீபோர்டு அது. அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

டைப்ரைட்டரில் எழுத்து தாளில் எப்படி விழுமோ அப்படித்தான் அடிக்க முடியும். ‘கோவை’ என்றால் முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். அடுத்து ‘ை’, கடைசியில் வ. ஐந்து தட்டல். கணினிக்குள் இருப்பதோ க, ோ, வ, ை என்று நான்கு குறிகள், அதுவும் வேறு வரிசையில். மெய்யெழுத்து முன்னால், உயிர்க்குறி பின்னால். ஆகவே விசைமுறை மென்பொருள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, கொம்பு வந்ததும் அதைக் கையில் பிடித்துவைத்து, க வந்த பின் அதன் பின்னால் ஒட்டி, கால் வந்தவுடன் அந்த ‘ே’யை ‘ோ’ ஆக்க வேண்டும். யாரோ இதையெல்லாம் யோசித்து உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அத்தையின் கை எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை, சிரமம் முழுவதையும் நிரல் தன் தலையில் போட்டுக்கொள்கிறது. இந்தத் தொழிலில் நான் மதிக்கிற வேலை இதுதான்.

அழிக்கும் விசையில்தான் தகராறு. ‘கோ’வுக்கு மூன்று தட்டல் தட்டியவர், தப்பென்று ஒருமுறை பேக்ஸ்பேஸ் தட்டினால் கால் மட்டும் போகும் என்று எதிர்பார்க்கிறார். போவதோ கொம்பும் காலும் சேர்ந்து. “நா ஒண்ணுதானெ கண்ணு அழிச்சே, ரெண்டு போயிருச்சு” என்கிறார். அவர் கேட்பது நியாயம்.

*

அவர் சொன்ன இன்னொன்று மனதில் தைத்தது. “கை முன்னால போகுது, எழுத்து பின்னாலயே ஓடி வருது.”

அது மனப்பிரமை இல்லை. 2017-ல் டான் லூ என்ற பொறியாளர் பல காலத்துக் கணினிகளை எடுத்து, விசையை அழுத்துவதற்கும் எழுத்து திரையில் தெரிவதற்கும் நடுவில் எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். 1983-ன் ஆப்பிள் டூ-இ 30 மில்லிவினாடியில் எழுத்தைக் காட்டியது. அவர் அளந்த புதுக் கணினிகளில் பலவற்றுக்கு நூறு மில்லிவினாடிக்கு மேல் ஆனது. கீபோர்டு ஒருமுறை காத்திருக்கிறது, இயங்குதளம் ஒருமுறை, செயலி ஒருமுறை, திரை ஒருமுறை. ஒவ்வொருவரும் கொஞ்சம்தான் எடுத்துக்கொள்கிறார்கள், கூட்டினால் அத்தையின் விரலுக்கே தெரிகிறது. பத்தில் ஒரு வினாடிக்குள் பதில் வந்தால்தான் உடனே நடந்ததாக மனிதர்கள் உணர்வார்கள் என்று ஜேக்கப் நீல்சன் 1993-ல் புத்தகத்திலேயே எழுதிவிட்டார். டைப்ரைட்டரில் அடித்தவருக்கு இந்தப் புத்தகம் தேவையில்லை. அங்கே அடி விழுந்த கணமே எழுத்து.

பிரவுசரில் அடித்துக்கொண்டிருந்தவரைச் சாதாரண எடிட்டருக்கு மாற்றினேன். “இப்ப சரி” என்றார்.

*

வீட்டில் மூன்று விதமாகத் தமிழ் அடிக்கிறோம். அத்தை டைப்ரைட்டர் முறை. நான் தமிழ்99, 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு அரசு அறிவித்த முறை. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்யெழுத்துகள் வலக்கையில், பல இடங்களில் புள்ளி தானே விழும். மகள் போனில் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் வரவழைக்கிறாள். புதிதாகக் கற்பவர்களுக்கு எது நல்லது என்று கேட்டால் தமிழ்99 என்றுதான் சொல்வேன். ஆனால் அத்தையை மாறச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

*

அத்தைக்கு மாற்றங்கள் புதிதல்ல என்பதையும் எழுதிவைக்க வேண்டும். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. துதிக்கை வைத்த லை, ளை எல்லாம் போய் இப்போதைய வடிவம் வந்தது. அவர் அப்போது வேலையில் இருந்தார். அரசாணை வந்தது, எது மாறுகிறது, எப்படி எழுத வேண்டும் என்று தாளில் இருந்தது, ஆபீசில் எல்லோரும் படித்தார்கள். மாறிக்கொண்டார். “சொல்லிட்டுச் செஞ்சாங்க” என்பதுதான் அதைப் பற்றி அவர் சொல்வது.

அவருடைய வங்கிச் செயலி அப்படிச் செய்வதில்லை. இருப்புத் தொகையைப் பார்க்கும் பொத்தான் மேலே இருந்தது, பிறகு ஒருநாள் கீழே போனது, பிறகு மூன்று கோடு போட்ட ஒரு குறிக்குள் ஒளிந்துகொண்டது. பழைய இடத்தில் இப்போது கடன் விளம்பரம். அத்தையின் விரல் பழைய இடத்துக்கே போகிறது, கடன் வேண்டுமா என்று செயலி கேட்கிறது, அவர் பதறிப்போய் போனைக் கவிழ்த்துவைக்கிறார். கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஒரு பொத்தானின் இடத்தை அறிந்துவைத்திருப்பது அந்த மனுஷி உழைத்துச் சேர்த்த அறிவு. ராத்திரியோடு ராத்திரியாக அதை எடுத்துக்கொண்டு, “புதிய அனுபவத்துக்கு வரவேற்கிறோம்” என்று காலையில் ஒரு பலகை காட்டுவது என்ன முறை? மாற்ற வேண்டியிருந்தால் மாற்றட்டும். முன்கூட்டிச் சொல்லட்டும், பழைய இடத்தில் அடையாளம் வைக்கட்டும், கொஞ்ச காலமாவது இரண்டு வழியும் திறந்திருக்கட்டும்.

*

ஓடிபி. அத்தையின் ஆதாரில் பதிந்திருப்பது அவர் மகனின் நம்பர். அவர் மகன், அதாவது என் வீட்டுக்காரர், கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். இங்கே நான் படிவத்தை நிரப்பி “அனுப்பு” என்று அழுத்துவேன், எண் அங்கே போய் விழும். நான் கூப்பிட வேண்டும். மெஷின் சத்தத்தில் மணி கேட்காது. கேட்டு எடுத்தால் “பொறு, கையெல்லாம் ஆயில்” என்பார். கை துடைத்து, கண்ணாடி தேடி, எண்ணைப் படிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். மறுபடி அனுப்பினால் பழைய எண்ணும் புது எண்ணும் அடுத்தடுத்து நிற்கும், எது எதுவென்று அவருக்குத் தெரியாது. “ஏனுங்க, கடைசியா வந்தது!” என்று நான் கத்த வேண்டும்.

பாதுகாப்பு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஆளுக்கு ஒரு போன், போன் எப்போதும் கையில், கை எப்போதும் சுத்தம் என்று யாரோ ஏசி அறையில் நினைத்துக்கொண்டு எழுதிய கணக்கு அது. நம் வீடுகள் அப்படி இல்லை.

*

அத்தையின் ஓய்வூதியத்துக்கு வருடா வருடம் உயிர்வாழ் சான்றிதழ். கைரேகை வைத்து எடுக்கும் ஜீவன் பிரமாண் திட்டம் 2014 நவம்பரில் தொடங்கியது. அஞ்சல்காரர் 70 ரூபாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்து எடுத்துத் தருகிறார், அது பெரிய உபகாரம். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்துபோவதால் கருவி பல நேரம் ஏற்றுக்கொள்வதில்லை. எங்கள் அஞ்சல்காரர் அவசரப்படாதவர். ஈரத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துப் பார்த்து, நடு விரலில் வாங்கிவிட்டார். 2021-லிருந்து முகத்தை வைத்தும் எடுக்கலாம். அதைக் கொண்டுவந்தவர்கள் நிஜமான வீடுகளுக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

*

அத்தையின் கைப்பழக்கம் போல என் விரலுக்கும் ஒரு சொத்து உண்டு. விஐ எடிட்டர். பில் ஜாய் 1976-ல் பெர்க்லியில் எழுதியது. அவர் வைத்திருந்த ஏடிஎம்-3ஏ டெர்மினலில் ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேல்தான் அம்புக்குறிகள் அச்சிட்டிருந்தன, அதனால் கர்சரை நகர்த்த அந்த நான்கு விசைகள். அந்த டெர்மினல் காயலான் கடைக்குப் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. இன்று நான் எந்த சர்வரில் நுழைந்தாலும் அதே நான்கு விசைகள் அதே வேலையைச் செய்கின்றன. கல்லூரி லேபில் கற்றதை இன்றுவரை ஒருவரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை. லினக்ஸ் கெர்னலில் என்ன மாற்றினாலும் அதன் மேல் ஓடும் பழைய நிரல்கள் உடையக்கூடாது என்பதை லினஸ் டோர்வால்ட்ஸ் சட்டமாகவே வைத்திருக்கிறார், மீறியவர்களைப் பகிரங்கமாகத் திட்டியும் இருக்கிறார். அவர் திட்டும் முறை எனக்குப் பிடிக்காது. சட்டம் பிடிக்கும். நிரல் எழுதுகிறவர்கள் தங்களுக்காகக் காப்பாற்றிக்கொண்ட இந்த மரியாதையை அத்தைகளுக்கும் கணக்கர்களுக்கும் ஏன் தருவதில்லை?

*

கணக்கர்களைப் பற்றி. பஞ்சாலைக் கணக்கர்கள் மவுஸைத் தொடுவதில்லை. கால் நூற்றாண்டாக இந்தப் பக்கத்து மில்களுக்கு மென்பொருள் எழுதுகிறேன், நான் பார்த்தவர்கள் எல்லோரும் இப்படித்தான். இடக்கை வவுச்சர் கட்டைப் புரட்டும், வலக்கை எண் விசைகளின் மேல் நிற்கும், கண் தாளை விட்டு நகராது. தொகை, என்டர். தலைப்பு எண், என்டர். தேதி, என்டர். திரையைப் பார்ப்பது கட்டு முடிந்து கூட்டல் சரியா என்று பார்க்க மட்டும்.

அவர்களிடம் ஓடுவது ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பழைய மென்பொருள். ஃபாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்பு 2004-ல் வந்தது, 2015 ஜனவரியோடு அதை வெளியிட்ட கம்பெனியின் ஆதரவும் நின்றது. இன்னும் ஓடுகிறது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது உள்ளே வரிக் கணக்கு முழுவதையும் மாற்றினோம். திரையில் ஒரு கட்டமும் இடம் பெயரவில்லை, புதுக் கட்டங்கள் கடைசியில் சேர்ந்தன. முதல் நாளே பில் போட்டார்கள்.

இப்போது பிரவுசரில் ஓடும் புது மென்பொருளுக்கு மாறுகிறோம். மாறித்தான் ஆக வேண்டும், ஆதரவு நின்றுபோன பழசை இன்னும் எத்தனை காலம் ஓட்டுவது? ஆனால் பிரவுசரில் என்டர் தட்டினால் அரைகுறைப் படிவம் அப்படியே போய்ச் சேர்ந்துவிடும். அடுத்த கட்டத்துக்கு டேப். டேப் விசை இடது ஓரத்தில், இடக்கையில் வவுச்சர். “ரெண்டு நாள்ல பழகிருவாங்க மேடம்” என்கிறார்கள் எங்கள் குழுப் பிள்ளைகள். நல்ல பிள்ளைகள். மாதக் கடைசியில் ஒரு மில் ஆபீசில் உட்கார்ந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான். அழைத்துக்கொண்டு போனேன். மூத்த கணக்கர் ஒரு கட்டு வவுச்சரை ஏற்றி முடிக்கும்வரை பின்னால் நின்று பார்த்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே ஒருவன் என்டரை அடுத்த கட்டத்துக்குத் திருப்பும் நிரல் துண்டை எழுதி முடித்திருந்தான்.

*

அதே மூத்த கணக்கர் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார். “அம்மிணி, எண் பக்கத்துல கூட்டல் விசை இருக்குதல்ல, அதெ அழுத்துனா போன வவுச்சர்ல போட்ட விவரம் அப்படியே வரும். அது மட்டும் போயிராமப் பாத்துக்கங்க.”

எங்கள் தேவைப் பட்டியலில் அது இல்லை. மில் நிர்வாகம் கொடுத்த தாளிலும் இல்லை. பழைய நிரலைத் திறந்து தேடினேன். எனக்கு முன்னால் இருந்த யாரோ ஏழு வரியில் எழுதிவைத்திருக்கிறார்கள், பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை. பட்டியலில் சேர்த்துவிட்டேன். கைக்குப் பழகியிருக்கும் எல்லா விசைகளும் புதியதிலும் அப்படியே வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்திலும் ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கிறேன். மற்ற மில்களில் இப்படி இன்னும் என்னென்ன இருக்கும் என்று ஆபீசில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. அடுத்த வாரம் அவிநாசி, அதன் பிறகு பல்லடம். பிள்ளைகளும் வருகிறார்கள்.