திருத்தமும் திரிபும்

கதையின் கடைசி வரியை எழுதியதும் கை ஓய்கிறது, உள்ளம் களிக்கிறது. “முடிந்தது” என்கிறோம். முடிந்ததா? முதற்படி என்பது களத்துமேட்டில் கிடக்கும் கதிர்க்கட்டு. அது சோறாவதற்கு அடிக்க வேண்டும், தூற்ற வேண்டும், குத்த வேண்டும், புடைக்க வேண்டும். நெல் மிகுதியா, பதர் மிகுதியா என்பது தூற்றும்போதுதான் தெரியும். பதரைப் போக்குவது திருத்தம். பதரையே மணியென்று அளந்து கொடுப்பது திரிபு. இரண்டுக்கும் எழுதுகோல் ஒன்றே. ஏந்தும் நெஞ்சம்தான் வேறு!

இந்த வேறுபாட்டை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நான் வாழும் திருவண்ணாமலையிலேயே ஒரு சான்று இருக்கிறது.

1938-ஆம் ஆண்டு, ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் இவ்வூருக்கு வந்தார். மருத்துவம் பயின்று, பின் எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர் அவர். ரமணர் ஆசிரமத்திற்குச் சென்றவர், ரமணரைக் காணுமுன்பே மயங்கி விழுந்தார். படுத்திருந்தவரை ரமணரே வந்து பார்த்தார். நடந்தது இவ்வளவுதான்.

ஆனால், ஊர்வாய் சும்மா இருக்குமா? மயக்கம், வாய்க்கு வாய் மாறிப் பரவசமாயிற்று. பரவசம் வளர்ந்து, பரம்பொருளோடு ஒன்றிய நிலையாயிற்று! ரமணரைக் காணுமுன்பே அவரது ஆற்றல் வெள்ளைக்கார எழுத்தாளரை ஆட்கொண்டது என்று நாடெங்கும் பேசினர். பேசியவர்கள் அனைவரும் பொய்யர்கள் என்று நான் கூற மாட்டேன். ஒவ்வொருவரும் ஒரு சொல்லைத்தான் மாற்றியிருப்பார்கள். ஒவ்வொரு சொல்லாக மாறி மாறித்தானே அற்புதங்கள் பிறக்கின்றன!

மாம் என்ன செய்தார்? 1944-இல் ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’ என்னும் நாவலை வெளியிட்டார். திருவண்ணாமலை அங்கே திருவிதாங்கூர் ஆயிற்று. துறவிக்கு ஸ்ரீ கணேசர் என்று வேறு பெயர் வந்தது. மெய்ம்மை தேடிச் செல்லும் அமெரிக்க இளைஞன் ஒருவன் நாயகனானான். ஊரை மாற்றவும் பேரை மாற்றவும் கதைக்கு உரிமை உண்டு. ஆயினும், 1958-இல், நிகழ்ச்சி நடந்து இருபது ஆண்டுகளுக்குப் பின், ரமணரைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது, மயக்கத்தை மயக்கம் என்றே எழுதினார். அதற்கு முன்பும் மயங்கியதுண்டு, பின்பும் மயங்கியதுண்டு என்றார்; மருத்துவர்கள் கூறிய உடற்காரணத்தையும் சேர்த்தார். ரமணரிடம் மதிப்பு இருந்தது. ஆனால், அந்த மதிப்புக்காக நடந்ததை மாற்றவில்லை. எழுத்தாளன் நாணயம் என்பது இதுவன்றோ?

இப்போது என் மேசைமீது ஒரு கையெழுத்துப்படி இருக்கிறது. கார்த்திகைத் தீபத்தைப் பற்றிய சிறுகதை. 2,668 அடி உயர மலையின் உச்சியில் சுடர் எழும்போது இலட்சக்கணக்கானோர் அண்ணாந்து பார்க்கின்றனர். அந்தக் கொப்பரையும், நெய்யும், திரித்துணியும் தாமாகவா மலையேறின? மனிதத் தோள்கள் அல்லவா சுமந்தன! அந்தத் தோள்களில் ஒன்றுதான் என் கதையின் நாயகன்.

முதற்படியில் அவனுடைய மகன், கல்லூரியில் பயில்பவன், மூன்று பக்கம் பேசினான். ஒவ்வொரு வரியும் நம் மேடைகளில் கைதட்டல் பெறக்கூடியது. அந்த மூன்று பக்கங்களையும் அடித்துவிட்டேன். இப்போது மகன் பேசுவதில்லை. விளக்கடியில் அமர்ந்து தந்தையின் தோளுக்கு எண்ணெய் தேய்க்கிறான். விரலுக்குத் தழும்பு தட்டுகிறது. கை சற்றே நிற்கிறது. அவ்வளவுதான். “அவன் பெருந்துயருற்றான்” என்ற வரி போய், “துண்டை மடித்து மறுதோளில் போட்டுக்கொண்டான்” என்ற வரி வந்தது. துயரை நான் சொல்ல வேண்டியதில்லை, துண்டு சொல்கிறது.

சொற்களையும் புடைத்தேன். வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை எனத் தமிழாக்கி, ‘ஞானசாகரம்’ ஏட்டை ‘அறிவுக்கடல்’ ஆக்கி, தாம் முன்னர் எழுதிய நூல்களிலும் வடசொல் களைந்தவர் மறைமலையடிகள். தம் எழுத்தையே திருத்தத் தயங்காத அந்தத் துணிவு நமக்கு வேண்டும். ஆகவே என் நடையில் ‘சந்தோஷம்’ மகிழ்ச்சியாயிற்று. ஆனால், சுமைதூக்கும் அந்த மனிதனின் வாய்மொழியை நான் தொடவில்லை. அவன் பேச்சைப் பறித்து என் பேச்சை அவன் வாயில் திணித்தால், அவன் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதாகுமே!

இந்தக் கதையை ஓர் ஏட்டிற்கு அனுப்பினேன். “நடை நன்று. முடிவை மட்டும் மாற்றுக. பாதி மலையில், இறையருளால் அவன் சுமை இலேசாகிறது என்று முடித்தால் வெளியிடலாம்” என்று மறுமொழி வந்தது. ஒரே ஒரு வரி! மாற்றினால் அச்சேறும்; பெயர் வரும்; சிறு தொகையும் வரும். ஆனால், அந்த ஒரு வரி என்ன செய்யும்? நெய்யின் எடையைக் குறைக்குமா? கூலியைக் கூட்டுமா? தோளின் தழும்பைத்தான் அழிக்கும். மயக்கத்தைப் பரவசமாக்கிய அதே கைதான் என் கதைக்கும் நீண்டது. மறுத்துவிட்டேன், கதை என் மேசைக்குத் திரும்பியது.

தோழர்களே! இது மாற்றாருக்கு மட்டும் சொல்லும் அறிவுரை என்று எண்ணிவிடாதீர்கள். பக்தன் எல்லாம் பேதை, நம்மவன் எல்லாம் மேதை என்று எழுதினால் அதுவும் திரிபே. என் கதையின் நாயகன் பக்தன். உச்சியில் சுடரைக் கண்டதும் கைகூப்புகிறான். இரண்டாம் படியில் அந்தக் கூப்பிய கையை நீக்கலாமா என்று எண்ணிப் பார்த்தேன், நீக்கவில்லை. அது அவன் கை. அவனைக் கைகூப்பாதவனாக்கிக் காட்டி வெற்றிமுழக்கம் செய்வது எளிது. கூப்பிய கைக்குமேல் உள்ள தோளைப் படிப்பவர் காணச் செய்வதுதான் என் வேலை. நம் பக்கத்துக்கு ஆதாயம் என்பதால் பொய் மெய்யாகிவிடுமா?

பகுத்தறிவு என்பது பிறர் நூல்களைக் கேள்வி கேட்பதோடு நின்றுவிடுவதன்று. நம் கையெழுத்துப்படியின் ஒவ்வொரு வரியையும் நிறுத்திக் கேட்க வேண்டும்: நீ கண்டதா? கேட்டதா? கைதட்டலுக்கு வந்ததா? மூன்றாவதாயின், அடித்துவிடுக!

நான்காம் படியைப் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன். இருபத்தைந்து பக்கம் பதினாறாகியிருக்கிறது. இன்னொரு ஏட்டிற்கு அனுப்புவேன். அவர்களும் மறுக்கலாம், மறுக்கட்டும். சுடரைப் பாட ஆயிரம் பேர் இருக்கின்றனர். அதைச் சுமந்தவனை எழுத நாம் இருப்போம்!