பக்கத்து நட்சத்திரம் எது சார்?

1986 ஏப்ரல். ஹாலி வால் நட்சத்திரம் வந்த வருஷம். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 76 வருஷத்துக்கு ஒரு முறை வருவது, இதை விட்டால் 2061தான் என்று பத்திரிகைகள் எழுதி எழுதி எல்லோருடைய ஆவலையும் ஏற்றி வைத்திருந்தன. நான் அப்போது விழுப்புரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர். தென்னாற்காடு மாவட்டம் பிரியாத காலம். எனக்கு 28 வயது.

ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் பதினான்கு பேரை, வீட்டில் சொல்லிவிட்டு வரச் சொல்லி, இரவு பதினொரு மணிக்குப் பள்ளி மைதானத்தில் கூட்டினேன். இரவல் வாங்கிய ஒரு பைனாகுலர். தெற்கே பனை மரங்களுக்கு மேலே தேடினோம். கடைசியில் கண்டுபிடித்தது, பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல ஒரு மங்கல். வால் ஒன்றையும் காணோம். "இதுக்கா சார் வரச் சொன்னீங்க?" என்று ஒருவன் கேட்டே விட்டான். இந்த முறை ஹாலி உலகம் முழுவதையும்தான் ஏமாற்றியது. ஆனால் பையன்களுக்கு அந்த வயதில் ராத்திரி வெளியே நிற்பதே திருவிழா. ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அப்போது ஒரு பையன் பக்கத்தில் வந்தான். கடைசி பெஞ்சு. அதிகம் பேச மாட்டான்.

"சார், நமக்கு ரொம்பக் கிட்ட இருக்கிற நட்சத்திரம்னு பாடத்துல சொன்னீங்களே, புராக்ஸிமா சென்டாரி. அது எது சார்?"

எனக்குத் தெரியாது. "சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம் எது?" என்பது ஒரு மதிப்பெண் கேள்வி. பதில் புராக்ஸிமா சென்டாரி, தொலைவு 4.3 ஒளியாண்டு. இதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், விடைத்தாளில் திருத்தியிருக்கிறேன். அது வானத்தில் ஓர் இடத்தில் இருக்கும், அதைக் கை நீட்டிக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மற்ற பையன்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"டேய், அதெல்லாம் நம்ம ஊர்ல தெரியாது. ஆஸ்திரேலியாவுக்குப் போகணும். வந்த வேலையைப் பாரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

'தெரியலைடா, பார்த்துச் சொல்றேன்' என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? 28 வயதில் அந்த வார்த்தை வாயில் வராது. அதன் பிறகு முப்பது வருஷம் இதே பாடத்தை நடத்தினேன். வேறு யாரும் கேட்கவில்லை. நானும் தேடவில்லை.

2016 மே மாதம் ஓய்வு பெற்றேன். ஆகஸ்டில் ஒரு நாள் காலை, பேப்பரில் புராக்ஸிமா சென்டாரியைச் சுற்றி ஒரு கோள் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று செய்தி. நிறையில் பூமியை விடச் சற்று அதிகம், பதினோரு நாளில் ஒரு சுற்று, தண்ணீர் திரவமாக நிற்கக்கூடிய தூரம் என்று போட்டிருந்தது. காபி ஆறிக்கொண்டிருந்தது. எனக்குக் கோள் நினைவுக்கு வரவில்லை. அந்தப் பையனின் முகம்தான் வந்தது.

கைவசம் நேரம் இருந்தது. மகன் ஒரு பழைய கைபேசியில் நட்சத்திரம் காட்டும் செயலியைப் போட்டுக் கொடுத்தான். நூலகத்திலிருந்து புத்தகங்கள் எடுத்து வந்தேன். முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது, நான் சொன்னது தப்பு. புராக்ஸிமா, ஆல்ஃபா சென்டாரி என்ற பிரகாசமான நட்சத்திரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த ஆல்ஃபா சென்டாரி தமிழ்நாடு முழுவதற்கும் தெரியும். தெற்கே உச்சத்துக்கு வரும்போது சென்னையில் அடிவானத்திலிருந்து 16 பாகை உயரம், விழுப்புரத்தில் 17, கன்னியாகுமரியில் 21. கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அது சுமார் பத்துப் பாகை. எங்கள் ஊருக்கு ஒன்றே முக்கால் முஷ்டி, அவ்வளவுதான். மே நடுவில் இரவு பதினொரு மணி, ஜூன் நடுவில் ஒன்பது மணி. அதாவது கத்திரி வெயிலில் புழுக்கம் தாங்காமல் நாம் மொட்டை மாடியில் பாய் விரிக்கிற அதே நாட்கள்.

2017 மே மாதம் அப்படி ஒரு ராத்திரி. டிரான்ஸ்பார்மர் போய் ஊரே இருட்டு. தெற்கே பார்த்து நின்றேன். தென்னந்தோப்புக்கு மேலே இரண்டு நட்சத்திரங்கள் பக்கத்தில் பக்கத்தில், அவற்றுக்கு வலப்பக்கம் சிலுவை போல நாலு நட்சத்திரம். நம் பெரியவர்கள் திரிசங்கு என்று சொன்னது இந்தச் சிலுவையைத்தான். இரண்டில் இடப்பக்கம் இருப்பது, லேசான மஞ்சள் நிறம், அதுதான் ஆல்ஃபா. வலப்பக்கத்தது பீட்டா. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஆல்ஃபா 4.37 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, பீட்டா கிட்டத்தட்ட 390 ஒளியாண்டு.

"ஏங்க, கரண்டு வந்தாச்சு, கீழ வாங்க" என்று என் மனைவி கூப்பிட்டபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது.

இன்னொரு விஷயம், இது என்னை வெட்கப்பட வைத்தது. இந்த ஆல்ஃபா ஒன்றல்ல, இரண்டு சூரியன்கள். ஒன்றையொன்று ஏறக்குறைய 80 வருஷத்துக்கு ஒரு முறை சுற்றி வருகின்றன. இது இரட்டை என்று முதலில் கண்டது எங்கே தெரியுமா? பாண்டிச்சேரியில். 1689 டிசம்பரில். கண்டவர் ழான் ரிஷோ என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார். பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி சயாம் நாட்டுக்கு அனுப்பிய குழுவில் வந்தவர். 1688இல் அங்கே புரட்சி வெடித்தது, பிழைத்து வந்து பாண்டியில் ஒதுங்கினார். ஒரு வால் நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த இந்த நட்சத்திரம் இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. ஐரோப்பாவின் பெரிய வானியலாளர்கள் வாழ்ந்த பாரிசிலும் லண்டனிலும் இது அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. நான் நின்ற மைதானத்திலிருந்து பாண்டி பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம். அவரும் வால் நட்சத்திரம் பார்க்கத்தான் நின்றார், நானும் அதற்குத்தான் நின்றேன். அந்த வாரம் ஹாலி சென்டாரஸ் மண்டலத்தின் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பையன் கேட்ட நட்சத்திரத்தின் வீடு எங்கள் எதிரிலேயே, பனை மரத்துக்கு மேலே இருந்தது.

சரி, புராக்ஸிமா? அதைக் கண்டுபிடித்தது 1915இல், தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் ஆய்வகத்தின் இயக்குநர் ராபர்ட் இன்னஸ். பன்னிரண்டு வயதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியவர். சிட்னியில் ஒயின் வியாபாரம் செய்துகொண்டே தானாக வானியல் கற்றவர். சில வருஷ இடைவெளியில் எடுத்த இரண்டு படத் தகடுகளை ஒரு கருவியில் வைத்து மாற்றி மாற்றிப் பார்ப்பார். நகர்ந்த புள்ளி மட்டும் துள்ளும். அப்படித் துள்ளிய ஒரு மங்கல் புள்ளி, ஆல்ஃபா நகர்கிற திசையிலேயே, அதே வேகத்தில் நகர்ந்தது. நாலு முழுநிலவை வரிசையாக வைத்த அளவு தள்ளி இருந்தாலும் அது அந்தக் குடும்பத்து ஆள்தான் என்று புரிந்துகொண்டார். பின்னால் அதுதான் மிக அருகில் உள்ளது என்று சொல்லி, 'மிக அண்மை' என்று பொருள்படும் புராக்ஸிமா என்று பெயரும் வைத்தார். அப்போது இருந்த அளவுகளை வைத்து அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. பிற்பாடு அளந்தவர்கள் அவர் சொன்னது சரி என்றார்கள். 4.24 ஒளியாண்டு, நம் கணக்கில் சுமார் 40 லட்சம் கோடி கிலோமீட்டர்.

இதற்கு நேர்மாறானவர் தாமஸ் ஹெண்டர்சன். 1830களில் நன்னம்பிக்கை முனையில் ஆல்ஃபாவின் தூரத்தைக் கணக்கிட ஆதாரம் சேர்த்தவர். தன் அளவில் தனக்கே சந்தேகம் வந்து வெளியிடாமல் வைத்திருந்தார். அதற்குள் 1838இல் ஜெர்மனியில் பெசல் வேறொரு நட்சத்திரத்தின் தூரத்தை வெளியிட்டு முதல் பெயரை வாங்கிக்கொண்டார். ஹெண்டர்சன் தோற்றார் என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

புராக்ஸிமா ஒரு சிவப்புக் குள்ள நட்சத்திரம். சூரியனின் நிறையில் எட்டில் ஒரு பங்கு, குறுக்களவில் ஏழில் ஒரு பங்கு. வெளியிடும் சக்தியோ ஆயிரத்தில் இரண்டு பங்குகூடக் கிடையாது. தெருவிளக்குக்குப் பக்கத்தில் ஜீரோ வாட் பல்பு. ஆனால் சிக்கனம் என்றால் இதனிடம் கற்க வேண்டும். உள்ளே இருக்கும் ஹைட்ரஜனை முழுவதும் கலக்கிக் கலக்கி மெல்ல எரிப்பதால், இதன் ஆயுளை லட்சம் கோடி வருஷங்களில் சொல்கிறார்கள். நம் சூரியனின் மொத்த ஆயுள் ஆயிரம் கோடி வருஷம்தான். பென்ஷன் வாங்கும் எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்தது.

அக்கம்பக்கமும் இப்படித்தான். பத்து ஒளியாண்டுக்குள் ஏழு சிவப்புக் குள்ளர்கள் இருக்கிறார்கள். ஆறு ஒளியாண்டில் பார்னார்டு நட்சத்திரம், எட்டுக்குச் சற்றுக் குறைவில் உல்ஃப் 359, அப்புறம் லாலாந்து, ஒரு ஜோடி, ராஸ் 154. ஏழில் ஒன்றுகூட வெறும் கண்ணுக்குத் தெரியாது. இந்த எல்லைக்குள் கண்ணுக்குத் தெரிவது இரண்டே புள்ளிகள்தான்: ஆல்ஃபா சென்டாரி, மார்கழி ராத்திரியில் பளீரென்று எரிகிற சிரியஸ். நாம் அண்ணாந்து பார்த்து வியக்கிற மீதி எல்லாம் தொலைதூரத்துப் பணக்காரர்கள். நம் தெருக்காரர்கள் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் வந்ததை மறைக்கக் கூடாது. புராக்ஸிமா நம் ஊரில் கண்ணுக்குத் தெரியாது. ஆக நான் பையனிடம் சொன்னது சரிதானே? இரண்டு மூன்று நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் ஆஸ்திரேலியாவிலும் தெரியாது. தொலைநோக்கி வேண்டும். தவிர, நான் அதைத் தெரிந்துகொண்டா சொன்னேன்? குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதை.

இதிலும் ஒரு வேடிக்கை. இந்தக் குள்ளர்களுக்குத் திடீர் கோபம் உண்டு. சில நிமிடங்களுக்கு வெடித்துப் பிரகாசமாகி அடங்கிவிடுவார்கள். 2016 மார்ச்சில் புராக்ஸிமா ஒரு முறை ஏறக்குறைய 70 மடங்கு பிரகாசமானதைச் சிலியில் இருந்த கருவி பதிவு செய்திருக்கிறது. நல்ல இருட்டு வானத்தில், கூர்மையான கண்ணுக்குக் கிட்டத்தட்ட எட்டும் அளவு. அந்த மாதம் நான் என் கடைசிப் பொதுத்தேர்வுப் பணியில் இருந்தேன்.

2018இல் ஒரு கல்யாணத்தில் அந்தப் பையனைப் பார்த்தேன். பையன் என்ன, நரைத்துவிட்டது. திண்டிவனம் ரோட்டில் டிராக்டர் உதிரி பாகக் கடை வைத்திருக்கிறார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தார். பேச்சுவாக்கில் நானே ஆரம்பித்தேன், ஹாலி வந்தது ஞாபகம் இருக்கா என்று.

"மறக்குமா சார்? டீ வாங்கிக் குடுத்தீங்க. போன மாசம்கூட அதைப் பத்தி வீட்டுல பேச்சு வந்துச்சு. என் பொண்ணு பத்தாவது. பக்கத்து நட்சத்திரம் எதுப்பான்னு கேட்டா. அது ஆஸ்திரேலியாவுலதாம்மா தெரியும், எங்க சார் அன்னிக்கே சொன்னாருன்னு சொன்னேன்."

நான் உடனே சொல்லிவிட்டேன். தெரியாமல் சொன்னேன், தப்பாகச் சொன்னேன், அப்போது எனக்கே தெரியாது. இலையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவர் சிரித்தார். "விடுங்க சார், எத்தனை வருஷம் ஆச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப இங்கயே தெரியுமா சார்?" என்றார்.

ஜூன் முதல் வாரம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். முதல் நாள் தெற்கே ஒரே மேகம், டிபன் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் அவர்கள் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. வந்தார்கள். பத்து மணிக்கு மாடியில் நின்றோம். அந்தப் பெண்ணுக்கு முஷ்டி பிடித்து அளக்கச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு நட்சத்திரங்களையும் அவளே கண்டுபிடித்தாள். பாண்டிச்சேரிப் பாதிரியார் கதையைச் சொன்னேன்.

"இதுதான் புராக்ஸிமாவா தாத்தா?"

"இல்லம்மா. இடது பக்கத்து நட்சத்திரத்துக்குக் கீழே, கொஞ்சம் வலது பக்கமா இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. இங்கேயும் தெரியாது, ஆஸ்திரேலியாவுலயும் தெரியாது."

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு பார்த்தால் எங்கள் தண்ணீர்த் தொட்டியும் தெருக்கோடி விளக்கும்தான் விழுந்திருந்தன.