சிம்ப்சன் பாலைவனத்தில் ஏரியல் கம்பி

ஆஸ்திரேலியக் கண்டத்தின் நடுப்பகுதியில் சிம்ப்சன் பாலைவனம் என்றொரு செம்மணற் பரப்பு கிடக்கிறது. நம் தமிழ்நாட்டைவிடப் பெரிது. ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட மணல் மேடுகள், ஏர் உழுத சால்கள் போல ஒன்றுக்கொன்று இணையாக, வடக்கிலிருந்து தெற்காக நீண்டு செல்கின்றன. மேற்கிலிருந்து கிழக்கே போகிறவன் அத்தனையையும் ஏறி இறங்கியாக வேண்டும்.

வங்கங்குரு என்னும் பழங்குடி மக்கள் ‘மிகிரி’ எனப்படும் ஆழ்ந்த மணற் கிணறுகளை நம்பி இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். 1900ஆம் ஆண்டையொட்டி அவர்கள் வெளியேறினார்கள். 1936இல் டெட் கோல்சன் என்பவர், பீட்டர் ஐன்ஸ் என்னும் பழங்குடித் துணைவருடன் ஒட்டகங்களில் இதைக் கடந்தார். 1962இல் ரெக் ஸ்பிரிக் என்னும் நிலவியல் அறிஞர் தம் மனைவி மக்களோடு மோட்டார் வண்டியில் கடந்து காட்டினார். அடுத்த ஆண்டு ஒரு பிரெஞ்சு எண்ணெய்க் கம்பெனி தடம் வெட்டியது. ‘பிரெஞ்சு லைன்’ என்ற அந்தத் தடத்தில்தான் சென்ற ஜூலையில் எங்கள் வண்டிகள் இரண்டும் போயின. அடிலெய்டில் வாழும் என் மகளும் மருமகப்பிள்ளையும் ஒரு வண்டி. அவர்களுடைய மலையாள நண்பர் குடும்பம் மற்றொன்று. கோடை கடுமையாதலால் டிசம்பர் முதல் மார்ச்சு நடுப்பகுதிவரை பாலைவனத்தை மூடிவிடுகிறார்கள்.

டல்ஹௌசி வெந்நீர் ஊற்றிலிருந்து பேர்ட்ஸ்வில் ஊர்வரை நானூறு கிலோமீட்டருக்கு மேல். இடையில் கடையில்லை, பெட்ரோல் இல்லை, டெலிபோன் கோபுரம் இல்லை. இதே வட்டாரத்துப் பேர்ட்ஸ்வில் தடத்தில், 1963 டிசம்பரில், இங்கிலாந்திலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்தார் ஐவரும் வழிதவறி, பெட்ரோல் தீர்ந்து, தாகத்தால் மாண்டனர். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அச்செய்தி சற்று அதிகமாகவே உறைக்கும்.

தொலைதூர உதவிக்குச் செயற்கைக்கோள் டெலிபோன் உண்டு. ஆனால் அடுத்த மேட்டுக்கு அப்பால் வருகிற வண்டியை அது காட்டிக்கொடுக்காது. மேட்டின் உச்சியில் தடம் ஒரே வண்டியின் அகலந்தான். இந்தப் பக்கமிருந்து வேகமெடுத்து ஏறுகிறவனுக்கு அந்தப் பக்கமிருந்து ஏறுகிறவன் தெரியவே மாட்டான். ஆகையால் ஒவ்வொரு வண்டியும் தரையிலிருந்து மூன்றரை மீட்டர் உயரத்தில் கொடி பறக்கவிட வேண்டும். அத்துடன் சி.பி. ரேடியோவில், பத்தாம் எண் வரிசையில், “கிழக்கு நோக்கி இரண்டு வண்டிகள்” என்று அடிக்கடி அறிவித்துக்கொண்டே போகவேண்டும்.

சி.பி. என்பது பொதுமக்கள் தமக்குள் பேசிக்கொள்ள விட்ட அலைவரிசை. ஆஸ்திரேலியாவில் 1977இல் சட்டப்படி அனுமதித்தார்கள். இன்று பெரும்பாலும் வழங்குவது 477 மெகாஹெர்ட்ஸையொட்டிய வகை. எண்பது வரிசைகள், சக்தி ஐந்து வாட்டுக்குள். ஐந்து வாட்டு என்பது நம் பூஜை அறைச் சிறு விளக்கின் அளவு. ஆகவே பெட்டியைவிட ஏரியலே முக்கியம். கடைகளில் ஆன்டெனா என்று கேட்டாலும் புரியும்.

ஏரியல்களை 3, 6, 9 டெசிபெல் என்று தரம் பிரித்து விற்கிறார்கள். எண் பெரிதானால் சக்தி பெருகும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். ஏரியல் சக்தியை உண்டாக்குவதில்லை. இருப்பதை வடிவம் மாற்றுகிறது, அவ்வளவே. ஒரே மாவை உருண்டையாகவும் வைக்கலாம், அப்பளமாகவும் இடலாம். குட்டையான 3 டெசிபெல் கம்பியின் அலை உருண்டை போன்றது. மேலும் கீழும் பரவும், ஆனால் தூரம் போகாது. நெடிய 9 டெசிபெல் கம்பியின் அலை அப்பளம் போன்றது. சமவெளியில் வெகுதூரம் ஓடும், மேடு பள்ளத்தில் தட்டுக்கெட்டுப் போகும். 6 டெசிபெல் இரண்டுக்கும் நடுவே.

“நெடியதே நல்லது” என்று சொல்லி ஒரு கடைக்காரர் மருமகப்பிள்ளைக்கு 9 டெசிபெல் கம்பியை விற்றிருந்தார். ஊட்னடாட்டா போகும் சமவெளியில் அது பிரமாதமாகத்தான் உழைத்தது. கண்ணுக்கெட்டாத லாரிக்காரர்கள் நாற்பதாம் வரிசையில் பேசுவதெல்லாம் கேட்டது. பிரெஞ்சு லைனில் நுழைந்ததும் கதை மாறியது. முன்னே சென்ற நண்பரின் குரல் இரண்டு மேடுகளுக்கு அப்பால் அறுந்து அறுந்து வந்தது. வண்டி மூக்கைத் தூக்கி ஏறும்போது தட்டையான அலை வானத்துக்குப் போகிறது; இறங்கும்போது மணலில் புதைகிறது.

இரண்டாம் நாள் முற்பகல், ஒரு மேட்டின் உச்சியை நெருங்கும் வேளையில், எதிர்ப்புறம் ஆரஞ்சு நிறக் கொடியின் நுனி மட்டும் அசைந்தது. மருமகப்பிள்ளை சட்டென்று நிறுத்தினார். எதிர்வண்டியும் நின்றது. இடையே பத்தடி இருக்கலாம். அதில் வந்த முதிய தம்பதியர் பத்தாம் வரிசையில் மூன்று முறை கூவியிருக்கிறார்கள். முன்னே போன நண்பருக்குக் கேட்டிருக்கிறது; அவர் எங்களை எச்சரித்துமிருக்கிறார். இரண்டு குரலும் எங்களை எட்டவில்லை. “அப்பா, கொடி தெரிந்ததே, குரல் கேட்கவில்லையே!” என்றாள் என் மகள். பின்னிருக்கையில் பேரன் உறங்கிக்கொண்டிருந்தான்.

அந்த முதியவர் எங்கள் கம்பியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இது வயல்வெளிக்கு, இங்கே குட்டைதான்” என்றார். நண்பரின் பெட்டியில் உபரியாக ஒரு 3 டெசிபெல் கம்பி இருந்தது. அடிப்பகுதி ஒரே அளவு. கழற்றி மாட்டக் கால்மணி நேரம் ஆயிற்று. அதன்பின் நான்கு மேடுகளுக்கு அப்பாலிருந்தும் குரல் தெளிவாக வந்தது.

எங்கே பொருத்துவது என்பது அடுத்த வினா. கூரையின் நடுவே நிறுத்தினால் அலை நாற்புறமும் சமமாகப் பரவும். ஆனால் மரக்கிளையில் அடிபடும். பெரும்பாலோர் கங்காரு மோதினால் தாங்குவதற்காக முகப்பில் வைக்கும் இரும்புச் சட்டத்தில் பொருத்துகிறார்கள். அங்கே வைத்தால் கம்பியின் பெரும்பகுதி எஞ்சின் மூடிக்கு மேலே இருக்கவேண்டும்; இல்லாவிட்டால் வண்டியின் உடலே பின்பக்கத்துக்கு மறைப்பாகிவிடும். சில ஏரியல்களுக்கு அடியில் இரும்புத் தகடு விரிந்திருத்தல் அவசியம், சிலவற்றுக்கு வேண்டாம். சட்டத்தில் பொருத்துவதற்குப் பின்னதையே கேட்டு வாங்கவேண்டும். அரிவாள்மணை போல் வரிவரியாகக் கிடக்கும் மண் சாலைகள் எதையும் உலுக்கி முறித்துவிடும்; அடியில் சுருள்வில் உள்ளது நலம். கொடியை ஏரியலில் கட்டாமல் தனிக் கழியில் கட்டுக. கேபிளைக் கதவிடுக்கில் நசுங்க விடலாகாது. திரும்பிவரும் அலையை அளக்கும் கருவியில் ஒன்றரைக்குக் கீழே காட்டினால் பொருத்தம் சரி. ஏரியல் இணைக்காமல் பேசும் பொத்தானை அழுத்தினால் பெட்டியே பழுதாகும்.

நான்காம் நாள், நாற்பது மீட்டர் உயரமுள்ள ‘பிக் ரெட்’ என்னும் கடைசிப் பெருமேட்டில் ஏறினோம். கீழே பத்துப் பன்னிரண்டு வண்டிகள் முறைவைத்துக் காத்திருந்தன. யார் ஏறுவது, யார் இறங்குவது என்பதெல்லாம் ரேடியோவிலேயே தீர்ந்தது. எங்கள் முறை வந்தபோது பேரனே அறிவித்தான்.

கட்ச் உப்புவெளிக்கும் லடாக்குக்கும் ஜீப்பில் போகும் நம் சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு சொல். ஆஸ்திரேலியப் பெட்டியை இங்கே கொண்டுவந்து பேசலாகாது. அந்த வரிசை நம் நாட்டில் பொதுவுக்கு விடப்படவில்லை. இங்கே 27 மெகாஹெர்ட்ஸையொட்டிய வரிசைக்கு, ஐந்து வாட்டு வரம்புக்குள், 2005 முதல் லைசென்சு விலக்கு உண்டு. அதன் அலை நீளம் பதினொரு மீட்டர். கால் அலைக் கம்பி ஏறக்குறைய இரண்டே முக்கால் மீட்டர் வரும். குட்டைக் கம்பி வேண்டுமானால் அடியில் கம்பிச்சுருள் வைத்ததாக வாங்கவேண்டும்.