'க்' எங்கே போச்சு?

பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேருகிறவர்களில் பலர் கதை, கவிதை படிக்கப் போகிறோம் என்ற ஆசையில்தான் வருகிறார்கள். வந்த கொஞ்ச நாளிலேயே 'ஹிஸ்டரி ஆஃப் இங்கிலீஷ் லிட்ரேச்சர்' பேப்பர் வந்து நிற்கும். ஹட்சன், எட்வர்ட் ஆல்பர்ட் என்று கெட்டியான புத்தகங்கள். அவற்றைச் சுருக்கிய கைடு. கைடையும் சுருக்கிய ஜெராக்ஸ் நோட்ஸ்!

1066 நார்மன் படையெடுப்பு, 1476 காக்ஸ்டன் அச்சகம், 1642 நாடக அரங்குகள் மூடல், 1660 திரும்பத் திறப்பு... இதை உருப்போட்டால் பாஸ். டிரைடன் எழுதியதில் ஒரு வரிகூடப் படிக்காமல் டிரைடனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி மார்க் வாங்கிவிடலாம். (பஸ் டைம்டேபிளை மனப்பாடம் செய்துவிட்டு ஊரைச் சுற்றிப் பார்த்தேன் என்று சொல்வது போல.)

இதில் அதிகம் அடிபடுவது தமிழ் மீடியத்தில் படித்து வருகிற பிள்ளைகள். வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொன்னால், குதிரைவீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லை எழுத்தில் இருக்கிறபடியே 'க்னிக்ட்' என்று வாசித்துவிடுவார்கள். பின் பெஞ்சில் சிரிப்பு. அதோடு அந்தப் பெண் அந்த வருஷம் முழுக்க வாயே திறக்கமாட்டாள்.

ஆனால் சிரித்தவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. சாசர் காலத்தில் அந்தச் சொல்லை ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார்கள்! முன்னால் 'க்' ஒலித்தது, நடுவில் 'ஹ்' மாதிரி ஒரு ஒலியும் இருந்தது. கத்தி, முழங்கால் இவற்றுக்கான ஆங்கிலச் சொற்களிலும் அந்த 'க்' உண்டு. நடு ஒலி முதலில் போனது. 'க்' 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் மறைந்தது. பேச்சு மாறிக்கொண்டே இருக்க, அச்சு வந்த பிறகு எழுத்து மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய வடிவிலேயே உறைந்துவிட்டது. நோட்ஸில் ஒரு மார்க் கேள்வியாகக் கிடக்கும் 1476க்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று, சாசரின் ஆங்கிலத்துக்கு முன் எல்லோரும் சமம். கான்வென்டில் படித்தவரும் அருஞ்சொற்பொருள் பார்த்துத்தான் ஆகவேண்டும். அதற்கும் முந்தைய 'பேவுல்ஃப்' இங்கிலாந்துக்காரர்களுக்கே மொழிபெயர்ப்பில்தான் புரியும். 3182 வரிகள் கொண்ட அந்தக் காவியத்துக்கு மிஞ்சியது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி. 1731ல் லண்டனில் ஒரு நூலகத் தீயில் அதன் ஓரங்கள் கருகின, பிறகு எழுத்துகள் உதிர ஆரம்பித்தன. டென்மார்க்கிலிருந்து வந்த தோர்கெலின் என்ற அறிஞர் எடுத்த நகல்களால்தான் அப்படி உதிர்ந்த எழுத்துகளில் பலவும் தப்பின. முழுதாக அச்சானது 1815ல், கோபன்ஹேகனில். ஷேக்ஸ்பியர் இறந்து இருநூறு வருஷம் கழித்து! உ.வே.சா. சுவடி தேடி அலைந்த கதை தெரிந்தவர்களுக்கு இது அந்நியமாகவே இருக்காது. கைடில் இதற்கு நான்கு வரி.

இந்தப் பாடத்துக்கே ஒரு சரித்திரம் இருக்கிறது, அது சிலபஸில் வருவது அபூர்வம். ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியத்துக்குத் தனி ஹானர்ஸ் படிப்பு வந்தது 1894ல்தான். கேம்பிரிட்ஜில் 1917. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இந்தியக் கல்லூரிகளில் ஷேக்ஸ்பியரும் மில்டனும் பரீட்சைப் பாடமாகிவிட்டார்கள். கௌரி விஸ்வநாதன் 1989ல் வெளியிட்ட 'மாஸ்க்ஸ் ஆஃப் கான்க்வெஸ்ட்' இதை விரிவாகச் சொல்கிறது. ஆளுவதற்கு உதவும் என்றுதான் அந்தப் பாடத்தை வைத்தார்கள். கொஞ்சம் கடினமான புத்தகம்தான், ஆனாலும் முதல் அத்தியாயமாவது படிக்கலாம்.

சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் பொது முன்னுரை 858 வரிதான். செமஸ்டர் லீவில் ஒரு நாளைக்கு முப்பது வரி படித்தாலும் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். சத்தமாகப் படிக்கவேண்டும். 'க்' வரும் இடத்தில் தைரியமாக 'க்' சொல்லலாம்.