ஆயிரம் கிலோமீட்டர் விரதம்

புது அம்மி வாங்கி வந்த அன்றைக்கே அதில் தேங்காய்த் துவையல் அரைத்து இலையில் பரிமாறும் துணிச்சல் உங்களில் யாருக்காவது உண்டா? கிடையாது! முதலில் தவிட்டைப் போட்டு அரைப்பீர்கள். அப்புறம் ஊற வைத்த அரிசி. அதற்கும் பிறகுதான் மிளகாய், தேங்காய் எல்லாம். புது இரும்பு தோசைக்கல்லும் அப்படித்தான். எண்ணெய் தடவி, சூடு காட்டி, ஆற வைத்து, வெங்காயத்தால் தேய்த்து நாலு நாள் பழக்கிய பிறகே முழுத் தோசை கையில் வரும்.

சகோதரிகளே! புது மோட்டார் காரும் இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். அதன் எஞ்சினையும் பழக்க வேண்டும். முதல் ஆயிரம் கிலோமீட்டர் அதற்கு ஒரு விரத காலம்.

'மோட்டார் சமாசாரம் நமக்கெதற்கு? அதெல்லாம் ஆண்பிள்ளைகள் பாடு' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்றைக்குச் சென்னை வீதிகளில் ஸ்டியரிங் பிடிக்கும் வளைக் கரங்கள் எத்தனை! நானும் அதில் ஒருத்தி. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு சின்னக் கார் வாங்கினேன். வாங்கியது எனக்காக அல்ல, என் தாயாருக்காக.

எனக்கு ஆறு வயதில் டைபாய்டு ஜுரம் கண்டு மூன்று வாரம் படுத்த படுக்கையாகக் கிடந்தேனாம். 'குழந்தை பிழைத்தால் திருவண்ணாமலையை நடந்து வலம் வருகிறேன்' என்று அம்மா வேண்டிக்கொண்டாள். நான் பிழைத்தேன். ஆனால் அப்பாவின் வேலை மாற்றம், அடுத்த பிரசவம், பாட்டியின் பக்கவாதம், தம்பியின் படிப்பு என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் வந்து குறுக்கே நின்றது. இப்போது அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. முழங்கால் இரண்டும் ஒத்துழைக்க மறுத்துவிட்டன, இதயமும் பலவீனம். "போகலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரேயடியாக உட்கார வைக்காதீர்கள். இந்த வருஷமே போய் வந்துவிடுங்கள்" என்றார் டாக்டர். கடைசி வாக்கியத்தின் அர்த்தத்தை நான் அவரிடம் கேட்கவில்லை.

ஆகவே, புது எஞ்சினும் வயதான தாயாரும் ஒரே வண்டியில் பிரயாணம் செய்யும்படி ஆயிற்று.

புறப்படுவதற்கு முன் இரண்டு உபதேசங்கள் கிடைத்தன. எதிர் வீட்டு மாமா ஒரு காலத்தில் அம்பாசிடர் வைத்திருந்தவர். "ஆயிரம் கிலோமீட்டர் முடிகிற வரையில் நாற்பதைத் தாண்டாதே, அம்மா!" என்றார். கூட வந்த தம்பி மகனோ, "அத்தை! இது இந்தக் காலத்து எஞ்சின். நூற்றிருபதில் பறக்கலாம்!" என்றான்.

இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது உண்மை. எஞ்சினுக்குள்ளே சிலிண்டர் என்ற குழாய். அதில் மேலும் கீழும் ஓடுகிற பிஸ்டன். பிஸ்டனைச் சுற்றி வளையல் மாட்டினாற்போல ரிங்குகள். சிலிண்டரின் உட்சுவரை மழமழவென்று விட்டுவிடுவதில்லை. அம்மியைக் கொத்துவது போல, குறுக்கும் நெடுக்குமாகக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கீறல்கள் போட்டிருப்பார்கள். எண்ணெய் தங்குவதற்கு அந்தக் கீறல்கள் வேண்டும். புது ரிங்குகள் அந்தச் சுவரில் உராய்ந்து, மேடுகள் லேசாகத் தேய்ந்து, இரண்டும் ஒன்றோடொன்று இழைந்து பொருந்த வேண்டும். அந்தப் பொருத்தம் அமைவது முதல் சில நூறு கிலோமீட்டரில்தான்.

ஆரம்பத்திலேயே விரட்டினால் உராய்வும் சூடும் அதிகமாகிச் சுவரில் வடு விழலாம். பையன் கட்சி தோற்றது! ஆனால் பூப்போல மெல்ல மெல்லவே ஓட்டினாலும் தொல்லைதான். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது உள்ளே எரிகிற வாயுவின் அழுத்தமே ரிங்கைச் சுவரோடு சேர்த்துத் தள்ளுகிறது. அந்த அழுத்தமே இல்லாவிட்டால் ரிங் சரியாகப் படியாது. சுவர் கண்ணாடி போல மினுங்கிப்போய், பிற்பாடு வண்டி எண்ணெயைக் குடிக்க ஆரம்பிக்கும். மாமாவின் கட்சியும் தோற்றது! அவர் சொன்னது அவர் காலத்து வண்டிகளுக்குப் பொருந்தும். அந்த நாளில் இழைப்பு வேலை இவ்வளவு நுட்பமாக இல்லை. இப்போது தொழிற்சாலையிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. மிச்சப் பாதிதான் நம் பொறுப்பு.

வண்டியோடு கொடுத்த கையேட்டை நான் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்து வைத்திருந்தேன். முழு மூச்சாக ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதே. ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதே. பெரிய கியரில் வண்டியைத் திணற விடாதே. அதிகப் பாரம் ஏற்றாதே. இவ்வளவுதான். இனி, வாருங்கள், பிரயாணத்துக்கு.

சென்னையில் புது வண்டி வாங்கியவர்கள் சென்ட்ரல் அருகே பல்லவன் சாலையில் இருக்கும் பாடிகாட் முனீஸ்வரரைத் தரிசிக்காமல் போவது அபூர்வம். நாங்களும் பூஜை போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் நசுக்கி, மறு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்தோம்.

இந்த ரோட்டுக்கும் மோட்டார் காருக்கும் பழைய உறவு. வண்டலூர்ப் பக்கம் போகும்போது, "இங்கேதான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு செய்தார்கள்" என்றாள் அம்மா. 1961-ல் வெளிவந்த அந்தச் சின்னக் கார் அந்த நாளில் சென்னைவாசிகளுக்கு எவ்வளவு பெருமை! அப்பாவுக்கு அதில் ஒன்று வாங்க வேண்டுமென்று கொள்ளை ஆசை, வாங்கவில்லை. சற்றுத் தள்ளி மறைமலைநகர். அங்கே ஃபோர்டு கம்பெனி 1990-களில் தொழிற்சாலை கட்டிற்று. 2022-ல் அங்கே கார் உற்பத்தி நின்றது. கம்பெனிகள் வருகின்றன, போகின்றன. ரோடு மட்டும் அகலமாகிக்கொண்டே இருக்கிறது.

செங்கற்பட்டை நெருங்கும்போது கொளவாய் ஏரியின் மேல் பொழுது புலர்ந்தது. அங்கே முதல் நிறுத்தம். அம்மா இறங்கிக் கால்களை நீட்டிக் கொண்டாள். வண்டியும் மூச்சு வாங்கிற்று. அப்புறம் பாலாறு. பாலம் என்னவோ நீளம். கீழே பார்த்தால் மணல்தான் மணல்!

நாலு வழிச் சாலையில் நான் ஐம்பதிலிருந்து எழுபதுக்கு ஏற்றுவேன். சற்றுப் பொறுத்து மறுபடி ஐம்பதுக்கு இறக்குவேன். ஏற்றும்போது ரிங் சுவரோடு அழுந்துகிறது. காலை எடுக்கும்போது எண்ணெய் மேலே உறிஞ்சப்பட்டு அந்த இடத்தை நனைக்கிறது. ஒரு டவுன் பஸ் எங்களைத் தாண்டிற்று. தக்காளிக் கூடை ஏற்றிய வேன் தாண்டிற்று. பையனுக்கு அவமானம் பொறுக்கவில்லை. "அத்தை, அடுத்தாற்போல் சைக்கிள்காரர் வருவார்!" என்றான்.

"வரட்டுமேடா! அவருக்கும் அவசரமாக இருக்கும்" என்றாள் அம்மா.

மதுராந்தகத்தில் இரண்டாவது நிறுத்தம். அந்த ஏரியை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். கரையில் நின்றால் சமுத்திரம் போல இருக்கும். ஏரி காத்த ராமர் கதையைத்தான் கேட்டிருப்பீர்களே! பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் லயனல் பிளேஸ் என்ற வெள்ளைக்கார கலெக்டர் இருந்தார். ஒரு பெருமழை இரவில் கரை உடையும் தறுவாயில், வில்லும் கையுமாக இரண்டு வாலிபர்கள் காவல் நிற்பதை அவர் கண்டாராம். கரை நின்றது, அவர் தாயார் சந்நிதியைக் கட்டிக் கொடுத்தார் என்பது ஊர் வழக்கு. சந்நிதியில் நின்று அம்மா வெகு நேரம் ஏதோ முணுமுணுத்தாள்.

மேல்மருவத்தூரைத் தாண்டியதும் அச்சிறுபாக்கம். புது வண்டிக்காரர்கள் கட்டாயம் இறங்க வேண்டிய ஊர் இதுதான் என்பது என் அபிப்பிராயம். திரிபுரத்தை எரிக்கத் தேரேறிப் புறப்பட்ட சிவபெருமான் பிள்ளையாரை நினைக்க மறந்துவிட்டாராம். தேரின் அச்சு முறிந்தது. அச்சு இற்ற இடம் அச்சிறுபாக்கம்! ஆட்சீஸ்வரர் கோயிலில் அந்தப் பிள்ளையாருக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. தகப்பன் வண்டி என்று கூடப் பார்க்காத பிள்ளை நம் வண்டியை விடுவாரா? தேங்காய் உடைத்தோம்.

திண்டிவனத்தில் இட்டிலி சாப்பிட்டு, பெரிய ரோட்டை விட்டு மேற்கே திரும்பினோம். இங்கிருந்து ஒரே வேகம் என்ற பேச்சே கிடையாது. ஊர் வரும், ஆடு வரும், வளைவு வரும். கியர் மாற்றி மாற்றிப் போக வேண்டும். புது எஞ்சினுக்கு இதை விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது! பிரேக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. புது பிரேக்குக்கும் முதல் சில நூறு கிலோமீட்டர் பழக்கம் வேண்டும். புது டயருக்கும் அப்படியே. ஆகவே முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் தாராளமாக இடம் விடுங்கள். மின்சாரக் கார் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ரிங், பிஸ்டன் கவலை கிடையாது. ஆனால் டயரும் பிரேக்கும் அவர்களுக்கும் உண்டு.

இருபத்தெட்டுக் கிலோமீட்டர் போனதும் பாறைகளை மலை மலையாகக் குவித்தாற்போலச் செஞ்சி தெரிகிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளை வளைத்துக் கட்டிய கோட்டை. சிவாஜி மகாராஜா 1677-ல் இதைப் பிடித்தார். 2025-ல் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஆகியிருக்கிறது. நமக்கெல்லாம் செஞ்சி என்றால் தேசிங்கு ராஜன்தான். ஒருவராலும் அடக்க முடியாத குதிரையை அந்த இளம்பிள்ளை அடக்கிய கதையைக் கோட்டை வாசலில் பாட்டி பேரனுக்குச் சொன்னாள். "அடித்து அடக்கினானா பாட்டி?" என்றான் பையன். "அடித்தால் அடங்குமாடா? கூட இருந்துதான் பழக்க வேண்டும்" என்றாள்.

அண்ணாமலை வெகு தூரத்திலேயே தெரிந்துவிட்டது. அம்மா கைகூப்பியவள் ஊருக்குள் நுழையும் வரையில் கையைப் பிரிக்கவில்லை. அன்று மாலை பதினொரு நிலை ராஜகோபுரத்தின் வழியே போய் அருணாசலேசுவரரைத் தரிசித்தோம். 217 அடி உயரமுள்ள கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "நடந்து வருகிறேன் என்றல்லவா சொன்னேன்? காரில் வந்தால் ஒப்புக்கொள்வாரா?" என்றாள் அம்மா. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மறு நாள் காலை ஐந்தரை மணி. பௌர்ணமி அல்லாத சாதாரண நாள். கிரிவலப் பாதையில் வண்டி போகலாம். இரவுக் குளிரில் எஞ்சின் எண்ணெய் கெட்டித்திருக்கும். கிளப்பியவுடனே உறும விடக் கூடாது. நின்ற இடத்திலேயே வெகுநேரம் ஓட விடவும் கூடாது. கிளப்பி, கொஞ்சம் பொறுத்து, மெதுவாக நகர்த்தினால் போதும். அம்மாவின் முழங்காலுக்கும் காலை வேளையில் இதே மரியாதை வேண்டியிருந்தது.

பாதை பதினான்கு கிலோமீட்டர். திசைக்கு ஒன்றாக எட்டு லிங்கங்கள். இந்திர லிங்கத்தருகே அம்மா, "நிறுத்து" என்றாள். இறங்கினாள். பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு சந்நிதி வரையில் நடந்தாள். திரும்பி வந்து ஏறினாள். அக்கினி லிங்கத்திலும் அப்படியே. ரமணாசிரமத்தைத் தாண்டி யம லிங்கம், நிருதி லிங்கம், வருண லிங்கம், வாயு லிங்கம், குபேர லிங்கம் — ஒன்றைக்கூட விடவில்லை. ஒவ்வொரு முறையும் நான் வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்பினேன். இருபத்தைந்து நிமிஷத்தில் முடிய வேண்டிய சுற்று இரண்டரை மணி நேரம் ஆயிற்று. நேற்றைக்கு டவுன் பஸ்ஸைப் பார்த்து வெட்கப்பட்ட பையன் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

கடைசியில் ஈசானிய லிங்கம். அதற்கு நூறு அடி இருக்கும்போதே அம்மா இறங்கிவிட்டாள். "இதைத் தனியாக நடக்கிறேன், யாரும் பிடிக்க வேண்டாம்" என்றாள். நான் பின்னாலேயே முதல் கியரில் ஊர்ந்தேன். நாலு அடி வைப்பாள், நிற்பாள், மலையைப் பார்ப்பாள், மறுபடி நாலு அடி. வழியில் போன பூக்காரியம்மாள் ஒருத்தி, கேட்காமலே ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி அம்மாவின் கையில் வைத்துவிட்டுப் போனாள். சந்நிதியில் விழுந்து கும்பிட முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா, என்னைக் கூப்பிட்டு நெற்றியில் விபூதி இட்டாள். ஆறு வயதுக் குழந்தைக்கு இடுகிறாற்போல ஊதி இட்டாள்.

"கணக்குத் தீர்ந்ததா, அம்மா?" என்று கேட்டேன்.

"நடந்த மட்டும் நான் நடந்தது, மிச்சம் நீ நடந்தது. உனக்காகத்தானே வேண்டிக்கொண்டேன்!" என்றாள்.

சென்னை திரும்பியபோது மீட்டர் அறுநூறைத் தாண்டியிருந்தது. ஆயிரம் ஆனதும் முதல் சர்வீஸுக்கு விட்டேன். வண்டியைச் சோதித்த மெக்கானிக், "நல்லாப் பழக்கியிருக்கீங்கம்மா" என்றார். உங்கள் வீட்டுக்கும் புது வண்டி வந்தால் இந்த ஆயிரத்தைக் கடைக்கும் கச்சேரிக்குமாகத் துண்டு துண்டாகச் செலவழித்துவிடாதீர்கள். எஞ்சின் முழுச் சூடு ஏறுவதற்குள் நிறுத்திவிடுகிற குட்டிப் பிரயாணங்கள் அதற்கு நல்லதில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், எந்த ஊருக்குப் போக வேண்டுமென்று அவர்களைக் கேளுங்கள். நிச்சயம் ஒரு ஊர் இருக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது கும்பகோணம் என்று பேச்சு நடக்கிறது. "விரதம் முடிந்துவிட்டதே, இனிமேல் கொஞ்சம் வேகமாகப் போகலாம் அல்லவா?" என்கிறாள் அம்மா!